ப்ராதரோ வாக்களிக்கவில்லை

1907 ஏப்ரல் பதினேழாம் தேதிக்கான சபைக் குறிப்பேடு என் கையெழுத்தில் இருக்கிறது. ஆதரவு ஐம்பது. எதிர்ப்பு நாற்பத்தைந்து. வராதவர்கள் மூன்று பேர். ஜோடி இரண்டு பேர். கூட்டினால் நூறு வரும். நான் எழுதியதில் பிழை ஏதும் கிடையாது.

எங்கள் மாநிலச் சட்டசபையில் பெயர் வாசிக்கும் குமாஸ்தாவாக இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு மசோதா ஓட்டுக்கு வந்தால் நூறு உறுப்பினர்களின் பெயர்களையும் வரிசைப்படி கூப்பிட வேண்டும். அவர்கள் சொல்லும் 'ஆம்' அல்லது 'இல்லை'யைக் குறித்துக்கொள்ள வேண்டும். குரல் வேண்டும், பொறுமை வேண்டும், கருத்து கூடாது. முதல் பெயரைக் கூப்பிட்ட பிறகு, சபாநாயகர் முடிவை அறிவிக்கும்வரை, பெயர்களைத் தவிர வேறு சொல் குமாஸ்தாவின் மேசையிலிருந்து வரக் கூடாது என்பது விதி. எனக்கு முன்னால் இருந்தவர், ஓட்டெடுப்பின் நடுவே ஒரு உறுப்பினர் தும்மியபோது "கடவுள் காப்பாராக" என்று சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தொடரில் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கோமர் ப்ராதரோ வந்ததும் அதே கூட்டத்தொடரில்தான். பிளாக் ஃபோர்க் என்ற நிலக்கரி ஊரிலிருந்து வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நெற்றியில் நிலக்கரித் தூள் புதைந்து ஆறிய நீலக் கோடு ஒன்று இருந்தது. நாங்கள் இருவரும் சட்டசபைக்குப் பின்தெருவில் திருமதி லிண்ட்குவிஸ்ட் நடத்திய விடுதியில் தங்கினோம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர் நாற்காலி அவருடையது. பல நாள் உருளைக்கிழங்குக் கிண்ணத்தைக் கை மாற்றிக்கொண்டதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இருக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் சட்டசபைக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. எங்கள் மாநிலத்தில் புதிதாகத் தோண்டும் சுரங்கத்துக்கு வெளியே வர இரண்டாவதாக ஒரு வழி வைக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. பழைய சுரங்கங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். பிளாக் ஃபோர்க்கில் இருந்தது பழைய சுரங்கம். நூறு பேர் ஒரே குழி வழியாக இறங்கி அதே குழி வழியாக ஏற வேண்டும். அந்த விலக்கை எடுப்பதுதான் அவருடைய மசோதா. 1903-இல் கொண்டுவந்தார், குழுவிலேயே அமுங்கியது. 1905-லும் அமுங்கியது.

விடுதியில் ஹாஸ்ப்ரூக் என்றொரு விவசாயி உறுப்பினர் இருந்தார். வாய் ஓயாதவர். ஒரு நாள் இரவு உணவின்போது கேட்டார்:

"ஏம்பா கோமர், உன் மசோதா நாலு வருஷம் முன்னாடி குழுவுக்குள்ள போச்சு, இன்னும் வெளிய வரக் காணோமே. அதுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணுதான். அதான் சங்கடம்" என்றார் கோமர்.

மேசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

1907-இல் மசோதா ஒருவழியாக வெளியே வந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாளான புதன்கிழமை காலை ஓட்டெடுப்பு. நிறைவேற ஐம்பத்தொரு ஓட்டு வேண்டும். வந்தவர்களில் பாதி போதாது, மொத்தச் சபையில் பாதிக்கு மேல் வேண்டும். கோமர் ஒரு மாதம் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டு, சட்டைப்பையில் ஒரு தாளில் குறித்துவைத்திருந்தார். தன்னையும் சேர்த்து ஐம்பத்துமூன்று.

திங்கட்கிழமை நடைபாதையில் ஆலன்சோ விட்காம் அவரை நிறுத்தினார். விட்காம் எதிர்ப்பக்கத்து வக்கீல், அறுபதைத் தாண்டியவர். சுரங்க முதலாளிகளின் ஊர்க்காரர். அந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். நான் காகிதக் கட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். குமாஸ்தாக்கள் நிற்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

"கோமர், டாக்டர் என்னை இன்னிக்கே வீட்டுக்குப் போகச் சொல்றார்."

"போங்க. முகமே சரியில்ல."

"போக விட மாட்டேங்கறாங்களே. புதன்கிழமை உங்க மசோதா வருது. நான் இருந்தா 'இல்லை'ன்னுதான் சொல்வேன், அதை மறைக்கல. ஜோடி இல்லாம போனா, கட்டிலோட தூக்கிட்டு வந்து சபையில போடுவோம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. விளையாட்டுக்குச் சொல்லல."

ஜோடி என்பது எங்கள் சபையின் பழக்கம். ஊருக்குப் போயே ஆக வேண்டிய ஒருவர், எதிர்ப்பக்கத்தில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்வார். ஒருவர் வரமாட்டார், மற்றவர் வந்தாலும் ஓட்டுப் போடமாட்டார். இரண்டு பக்கமும் ஒன்று குறையும். எந்த விதியிலும் அது எழுதப்படவில்லை. காகிதமோ சாட்சியோ கிடையாது. ஆனால் ஜோடியை முறித்தவனோடு அதன் பிறகு சபையில் யாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். நான் வந்த பிறகு யாரும் முறித்துப் பார்த்ததில்லை.

கோமர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்று விரல் உள்ள கையில் தாளை வைத்துக்கொண்டு, முழுக் கையை நீட்டினார்.

"புதன்கிழமைக்கு மட்டும்தான் ஆலன்சோ."

"புதன்கிழமைக்கு மட்டும்தான்" என்றார் விட்காம். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அன்று மாலை மேசையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியபோது நானாகவே கேட்டேன்.

"ஏன் குடுத்தீங்க மிஸ்டர் ப்ராதரோ? வேற யாராவது குடுத்திருக்கலாமே."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி என் சம்சாரம் நெஸ்டா சாகக் கெடந்தப்ப, ரயில்வே மசோதா ஓட்டுக்கு வந்துச்சு. ஞாபகம் இருக்கா? அந்த மனுஷன்தான் எனக்கு ஜோடி நின்னார். அவரோட ஒரு ஓட்டால அவங்க பக்கம் தோத்துச்சு. ஆறு மாசம் அவங்க ஆளுங்களே அவர்கூடப் பேசல. நான் நெஸ்டா பக்கத்துல இருந்தேன்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "என்கிட்ட ஐம்பத்திரண்டு இருக்கு. ஒண்ணு உபரி."

புதன்கிழமை காலை அந்த ஐம்பத்திரண்டில் ஒருவர் சபைக்கே வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. இன்னொருவர், லேத்ரோப் என்பவர், நான் பெயரைக் கூப்பிட்டதும் மேசையைப் பார்த்துக்கொண்டு "இல்லை" என்றார். கோமரைப் பார்த்தேன். சட்டைப்பைத் தாளில் ஏதோ அடித்தார். மிச்சம் ஐம்பது. ஒன்று குறைந்தது, அந்த ஒன்று அவரிடமே இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாயில்காப்பாளர் சார்ஜென்ட் மூடி வந்தார். உள்நாட்டுப் போரில் ஒரு முழங்காலை இழந்தவர். அவர் நடந்து வருவது தரையில் கேட்கும். ஒரு தந்தியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சபைக்கு வரும் தந்திகளைப் பிரித்துப் படித்து, உரியவரிடம் சேர்ப்பது என் வேலை. பிரித்தேன்.

'ஆலன்சோ விட்காம் இன்று காலை ஆறு மணிக்கு இறந்தார். சபைக்குத் தெரிவிக்கவும்.'

மணி பதினொன்றே கால். ஜோடியில் பாதி ஐந்து மணி நேரத்துக்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. செத்தவனோடு ஜோடி கிடையாது. அதுவும் எங்கள் பழக்கம்தான், அதுவும் எழுதப்படாதது.

தாளை மைக்கூட்டின் அடியில் வைத்தேன். "மெரிடித்" என்று கூப்பிட்டேன்.

அதன் பிறகு பதினோரு பெயர்கள். அவற்றை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஒவ்வொரு பெயருக்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. எழுந்து போய்ச் சபாநாயகரின் கையில் தாளைக் கொடுத்திருக்கலாம். கோமரின் பக்கம் தாளைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். தும்மலுக்கு வாய் திறந்தவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபத்தொன்பது வயது.

"ப்ராதரோ."

அவர் எழுந்தார். "நான் மிஸ்டர் விட்காமோடு ஜோடி. அவர் இங்கே இருந்தால் 'இல்லை' என்பார். நான் 'ஆம்' என்பேன். நான் வாக்களிக்கவில்லை."

அதை எழுதினேன்.

கடைசிப் பெயர் முடிந்ததும் சபாநாயகர் கேட்டார், "ஓட்டை மாற்றவோ சேர்க்கவோ விரும்புபவர் உண்டா?" வழக்கப்படி இரண்டு முறை கேட்பார். முதல் முறை கேட்டபோது கோமர் நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். இரண்டாம் முறை கேட்டபோது அவர் உட்கார்ந்துவிட்டார்.

மசோதா தோற்றது. தோற்றது என்று அறிவித்த பிறகு தந்தியைச் சபாநாயகரிடம் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார். எல்லோரும் தலை குனிந்து எழுந்து நின்றார்கள். பாதிரியார் ஜெபித்தார். கோமரும் நின்றார். ஜெபம் முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். நான் விடுதிக்குத் திரும்பியபோது அவருடைய பெட்டி இல்லை.

அடுத்த பிப்ரவரியில் பிளாக் ஃபோர்க் சுரங்கம் எரிந்தது. குழியின் அடியில் கோவேறு கழுதைகளுக்கான வைக்கோலில் யாருடைய விளக்கோ பட்டது. குழி முழுக்க மரச்சட்டம். இறங்கவும் ஏறவும் இருந்த ஒரே வழி புகைபோக்கியாகிவிட்டது. அறுபத்தொரு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் கோமரின் தம்பி. ஐவர் என்பது அவர் பெயர்.

சபை ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. சாட்சியங்களை எழுத என்னை அனுப்பினார்கள். மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு அங்கேதான் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்களாம். பைன் மரத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

கோமர் சாட்சி சொல்ல வந்தபோது கூட்டம் வழி விடவில்லை. சங்கத்திலும் தேவாலயத்திலும் அந்த ஊரார் ஒருவரை ஒருவர் சகோதரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"சகோதரர் ப்ராதரோவுக்கு வழி விடுங்கப்பா. பெரிய மனுஷன். குடுத்த வாக்கு தவறாதவர்."

யாரோ சிரித்தார்கள். அவள் ஐவரின் மனைவி கெசையா என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

"முதலாளி வீட்டு வக்கீலுக்கு ஒரு வாக்கு குடுத்தாராம்" என்று தொடர்ந்தாள். "தம்பிக்கு எதுவும் குடுக்கல போல. கூடப் பொறந்தவன்தானே, கை குடுக்கணும்னு அவசியம் இல்ல."

கோமர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெடிமருந்துப் பெட்டியின் மூடி ஒன்று மேசைக்கு வந்தது. உள்ளே மாட்டியவர்கள் அதில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். குழுத் தலைவர் உரக்க வாசித்தார். 'மணி ஒன்பது. இருபத்தாறு பேர் இருக்கிறோம். மேற்குப் பக்கம் வழி தேடினோம். இல்லை. மணி ஒன்று. பதினான்கு பேர்.' கையெழுத்து தம்பி ஐவருடையது. அதன் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.

தலைவர் கோமரிடம் கேட்டார், "மிஸ்டர் ப்ராதரோ, இரண்டாம் வழி மசோதாவைக் கொண்டுவந்தவரே நீங்கதான். ஒரே ஒரு ஓட்டால அது போச்சு. நீங்க ஏன் ஓட்டுப் போடல?"

"ஜோடி குடுத்திருந்தேன்."

"அந்த நேரத்துல மிஸ்டர் விட்காம் உயிரோட இல்லையே?"

"அது அப்புறம்தான் சபையில சொன்னாங்க."

"ஓட்டுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாது?"

என் பேனா தாளின் மேல் நின்றிருந்தது. ஒரு சொட்டு மை விழுந்தது.

"யாரும் என்கிட்ட சொல்லல" என்றார் கோமர்.

அதையும் எழுதினேன். அதிலும் பிழை கிடையாது.

மதியம் குழு சாப்பிடப் போனது. கோமர் சுரங்கத்தின் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். குழிவாய்க்கு மேல் நின்று எரிந்த மேடையின் இரும்புக் கம்பிகள் பனிக்கு மேல் வளைந்து நின்றன. குழியை மூடி முத்திரை போட்டிருந்தார்கள். பலகையின் விளிம்பில் இன்னும் புகை கசிந்தது. விடுதியின் பேசாமை வேறு, இது வேறு.

"தந்தி எனக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றேன். "உங்க பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி. படிச்சேன். மைக்கூட்டுக்கு அடியில வச்சேன்."

அவர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"மூடி நொண்டிக்கிட்டு வந்தது கேட்டுச்சு. மஞ்சள் தாள். நீ படிச்சே. அப்புறம் மெரிடித்னு கூப்பிட்டே, குரல் உடைஞ்சுது. நாலு வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கேன் ஆரின். உன் குரல் உடைஞ்சு நான் கேட்டதே இல்ல. விட்காம் எந்த நிலைமையில ஊருக்குப் போனார்னும் எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் கேட்கல?"

"எழுந்தேனே. பார்க்கலையா? பாதி எழுந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். கேட்டா நீ சொல்லியிருப்பே. சொல்லியிருந்தா நான் ஓட்டுப் போட்டிருக்கணும்." காலால் பனியை ஒதுக்கினார். கீழே கறுப்பாக இருந்தது. "அந்த நேரத்துல ஒரு நெனப்பு வந்துச்சு. பொணம் ஆறறதுக்குள்ள ஜோடியை உதறிட்டான், சுரங்கத்துல பொறந்தவன் புத்தி அப்படித்தான்னு சொல்வாங்களேன்னு. அவ்வளவுதான். கேக்கச் சின்னதா இருக்கில்ல? என் பேர் எனக்கு அவ்வளவு பெருசா இருந்துச்சு, அந்த ஒரு நிமிஷம். அடுத்த கூட்டத்தொடர் இருக்கே, அப்பப் பார்த்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

"நான் குழுகிட்ட சொல்லிடறேன். என் பங்கை."

"வேண்டாம்."

"சொல்லாம இருக்க முடியல மிஸ்டர் ப்ராதரோ."

"பழகிக்க. சொன்னா என்ன ஆகும்? கெசையா எனக்குக் குடுக்கற பழியில பாதியை எடுத்து உனக்குக் குடுப்பா. எனக்கு அது முழுசா வேணும்." அவர் குரல் உயரவே இல்லை. "நான் செத்தப்புறம் உன் இஷ்டம்."

நான் குழுவிடம் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காகச் சொல்லவில்லை என்று என்னிடமே பல வருடம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத் தேர்தலில் அவரை யாரும் வேட்பாளராக நிறுத்தவில்லை. 1909-இல் அதே மசோதாவை வேறொருவர் தன் பெயரில் கொண்டுவந்தார். தொண்ணூற்றேழு ஆதரவு, எதிர்ப்பே இல்லை. லேத்ரோப் உரத்த குரலில் 'ஆம்' என்றார். பிளாக் ஃபோர்க்கில் இரண்டாம் வழி தோண்டத் தொடங்கியபோது, நாற்பத்தெட்டு வயதில், கோமர் கூலியாளாக அதில் இறங்கினார். மூன்று விரலோடு மண்வெட்டி பிடித்தார் என்று ஹாஸ்ப்ரூக் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கேலி செய்யவில்லை.

போன நவம்பரில் கோமர் நுரையீரல் அடைத்து இறந்தார். அடக்கத்துக்கு ஆறு பேர் வந்திருந்தோம். தம்பி ஐவரும் மற்ற அறுபது பேரும் படுத்திருக்கும் வரிசையில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லையாம். வேலியோரத்தில் வைத்தார்கள். கெசையா வரவில்லை.

அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசல்கதவும் கொல்லைக்கதவும் நேருக்கு நேர் திறந்திருந்தன. நடுவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் சூடு அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் வெளியில் போடும் கம்பளிக் கோட்டை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜென்ட் மூடி தந்தியோடு வந்தது, மைக்கூடு, பதினோரு பெயர், கோமர் பாதி எழுந்தது, சுரங்கத்துப் பக்கம் அவர் சொன்னது. எதையும் விடவில்லை.

கத்தி நின்றது.

"அந்த வக்கீல் எப்ப செத்தார்னு சொன்னீங்க?"

"காலைல ஆறு மணி."

"ஓட்டு?"

"பதினொன்னே கால்."

"நீங்க தாளைப் படிச்சதுக்கப்புறம் முடிவு சொல்ற வரைக்கும்?"

யோசித்தேன். இத்தனை வருடத்தில் அதை நான் கணக்கிட்டதில்லை.

"பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷம்" என்றாள். "ரெண்டு பேரு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு." மறுபடி சீவத் தொடங்கினாள். தோல் ஒரே நீளமாக அறாமல் வந்துகொண்டிருந்தது. "ஐவர் ஒன்பது மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்திருக்கான். பலகையில. கேக்கறதுக்கு ஆள் இல்லன்னு தெரிஞ்சும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போதும்" என்றாள். "இவ்வளவு நாள் கழிச்சு வந்து நல்லாத்தான் பேசறீங்க. போங்க."

திரும்பினேன். வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது, வாசற்படியைத் தாண்டித் தரைப்பலகையிலும் விழுந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் என் கை கதவின் பிடிக்குப் போயிற்று.

"சாத்தாதீங்க" என்றாள் கெசையா, தலை நிமிராமல். "அது ரெண்டும் திறந்தே இருக்கணும்."